திருவான்மியூர் முதல் கோவளம் வரை: யாருக்கு வீடு தேவை, யாருக்காகக் கட்டுகிறோம்?

கழுவெளியான் எழுதியது:

சென்னைப் பெருநகரின் வளர்ச்சியை வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் வெளிவந்தபோது 2026-ஐ எல்லை ஆண்டாக வைத்துக்கொண்டது. அதற்கடுத்து 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்தின் வேலைகள் நடந்து வருகின்றன. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படாமல் போனதால், இத்தனை ஆண்டுகளுக்கு இத்தனை வீடுகள் வேண்டும் என்ற பேச்செல்லாம் இன்னும் 2011-இன் எண்களை வைத்தே நடக்கிறது. தென்சென்னைக் கடற்கரையைப் பொறுத்தவரை அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அங்கே வாழ்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறியவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியது. 174 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அன்றைய சென்னை மாவட்டம் 43.4 லட்சத்திலிருந்து 46.5 லட்சமாக, ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே கூடியது. அதே பத்தாண்டில், பழைய மாமல்லபுரம் சாலையின் பெரும்பகுதியையும் கோவளம் கடற்கரையையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 40 லட்சத்தை எட்டியது. இது 39 விழுக்காடு வளர்ச்சி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் பிறக்கின்றன. தலைமுறைக்குத் தலைமுறை ஈடுகட்டத் தேவையான 2.1-க்கும் இது குறைவு. ஆகவே இந்தக் கடற்கரையில் கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி தொட்டிலிலிருந்து வந்ததன்று, இடம்பெயர்ந்து வந்தது.

இடம்பெயர்வும் ஒரே வகையானதன்று. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், சோழிங்கநல்லூர், சிறுசேரி எனத் தெற்கே நீண்ட கணினித் துறை வேலைகளைத் தேடி வந்தவர்கள் ஒரு வகை. நகரின் நடுவில் வாடகை கட்ட இயலாமலும், கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டும் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள் மற்றொரு வகை. இவர்கள் எவரும் வருமுன்பே கடலை நம்பி இங்கே இருந்தவர்கள் மீனவர்கள். கிழக்கே கடல், மேற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி எனும் சதுப்பு நிலம், நடுவே பக்கிங்காம் கால்வாய் என்று கட்டுண்டு கிடக்கும் ஒடுக்கமான நிலத்தில் இம்மூன்று தரப்பாரின் தேவையையும் சேர்த்து ஒற்றை எண்ணாக எழுதும்போது, அந்த எண்ணிக்கை விற்பனைக்கான அடுக்ககங்களாலேயே நிரப்பப்பட்டுவிடுகிறது. எத்தனை பேர் என்று கேட்பதோடு, எவர், எவ்வளவு தரக்கூடியவர், எந்த வேலையிலிருந்து எவ்வளவு தொலைவில் என்பதையும் கேட்காத மதிப்பீட்டுக்கு வீட்டுத் தேவை என்று பெயர் வைக்கக் கூடாது என்பதே என் கருத்து.

குப்பத்துக்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கில் மூன்றாவதாக வரும் எங்களைப் பற்றி நானே எழுதுகிறேன். உத்தண்டியைத் தாண்டி, மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு மீனவக் குப்பம் என் ஊர்.

எங்கள் ஊரில் மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் தகப்பன் வீட்டை ஒட்டியே ஒரு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். வேறு தொழில் செய்பவர்களைப் போல எங்கே வாடகைக்குக் கிடைக்கிறதோ அங்கே போய்விட எங்களால் இயலாது. விடியற்காலை இரண்டு மணிக்குக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் அன்றைக்குத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவாகும். அதற்குக் கரையில் இருந்தாக வேண்டும். சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகள் அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தவை. அன்று பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று குடும்பஸ்தர்கள். ஒரே வீட்டில் முன்திண்ணையை ஹாலோ பிளாக் கல்லால் அடைத்து மூத்தவன் குடும்பம், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு இளையவன் குடும்பம், கீழே பெற்றோர். மின் இணைப்பு ஒன்றுதான். மாடிக்கு வயர் ஜன்னல் வழியாகப் போகிறது. தனிக் குடும்ப அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்பதால், படுக்க இடமில்லாத வீட்டிலும் அடுப்புக்கு மட்டும் இரண்டு மூலைகள் ஒதுக்கப்பட்டிருக்கும். வீடு வீடாக எண்ணிக்கொண்டு வருபவருக்கு இது ஒரு வீடாகத் தெரிந்தால் எங்கள் தேவை பூச்சியமாகிவிடும்.

விரிவதற்கு இடம் எங்கே? கடல் பக்கம், கரையை ஒட்டிக் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. நிலப் பக்கம், நாங்கள் வலை காயப்போட்ட மணல்மேடுகளும் சவுக்குத் தோப்புகளும் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் கைமாறிப் பண்ணை வீடுகளாகவும் விடுதிகளாகவும் ஆகிவிட்டன. பட்டா இருந்த நிலம் விலைக்குப் போயிற்று. பட்டா இல்லாத நிலம் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டிருப்பதால், ஊரார் எத்தனை தலைமுறை அதைப் பயன்படுத்தியிருந்தாலும் காகிதத்தில் அது யாருடையதும் அன்று.

அந்தக் கடலோர மண்டல விதியை மாற்றிய 2019 அறிவிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடலோரங்களில், கட்டுமானம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க அது வழிவகுத்தது. நெருக்கமாக வாழ்பவர்கள் நாங்கள். எங்கள் நெருக்கத்தைக் காட்டித் தளர்த்தப்படும் எல்லையில் எங்கள் பிள்ளைகளுக்கு வீடு வருமா, இன்னொரு விடுதி வருமா என்பதே எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி.

நாவலூர் சங்கச் செயலர் எழுதியது:

இருவரும் எழுதியவற்றை மதிக்கிறேன். ஆயினும் அடுக்ககம் வாங்கியவர்களைத் தேவையில்லாதவர்கள் போலக் காட்டும் தொனி முதல் பதிவில் இருப்பதாக எனக்குப் படுகிறது. நானும் வங்கிக் கடனில் இரண்டு படுக்கையறை வீடு வாங்கியவன்; எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் வளாகத்தில் இருப்பவர்களில் மிகப் பலர் தஞ்சாவூர், மதுரை, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வேலைக்காக வந்த முதல் தலைமுறையினர். இங்கே அடுக்ககங்கள் எழும்பாமல் இருந்திருந்தால் நாங்கள் ஊருக்குத் திரும்பியிருக்க மாட்டோம். வேளச்சேரியிலும் அடையாற்றிலும் கூடுதல் வாடகைக்குப் போட்டியிட்டு, அங்கே இருந்த எளியவர்களை வெளியே தள்ளியிருப்போம். வீடுகள் குறைந்தால் விலை ஏறும். அந்த ஏற்றம் முதலில் இல்லாதவனைத்தான் அடிக்கும்.

தவறு நடந்த இடம் வேறு என்பேன். வீடு கட்ட அனுமதி தந்தவர்கள், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்கவில்லை. எங்கள் வளாகத்தில் லாரி வந்தால், குழாயைத் தொட்டிக்குள் விடுமுன் காவலர் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து உப்புமானியை வைத்து, எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். எண் கூடுதலாக இருந்தால் எனக்குத் தொலைபேசி வரும். 12,000 லிட்டர் லாரி ஒன்று காலைக் குளியலுக்கும் சமையலுக்குமே போய்விடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்த நிறுவனங்கள் பணியாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை அனைவரும் அறிவர். வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா? அந்த லாரித் தண்ணீரும் திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீர்தான். நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கும், 2024-இல் மேலும் 15 கோடி லிட்டருக்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. வீடுகள் வந்து பல ஆண்டுகளுக்குப் பின் குழாய் வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம், வீடுகளை நிறுத்துவதன்று.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

செயலர் அவர்களே, வீடுகள் கூடினால் விலை அடங்கும் என்பது பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆனால் எந்த நிலத்தில் கூட்டுவது என்பதைக் கேட்காமல் அதை இந்தப் பகுதிக்குப் பொருத்த முடியாது. இந்த வட்டாரத்தில் அடித்தளம் போட்ட அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கரணைக் கழுவெளி ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. இன்று அதில் மிகச் சிறு பகுதிதான் மிச்சம். 2022 ஏப்ரலில் 1,247.5 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மற்ற பகுதி அழிந்துபோனதற்குத் தனியார் மட்டும் காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, பறக்கும் ரயில் தடம், அரசு ஆய்வு நிறுவனங்களின் வளாகங்கள் எனப் பொதுத் துறையே முதலில் அந்த நிலத்துக்குள் இறங்கி வழிகாட்டியது.

தென்சென்னையின் ஏராளமான ஏரிகள் நிரம்பி வழியும் நீர் இந்தக் கழுவெளியில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீரோடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலை அடைய வேண்டும். சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் நீர் நகராது, நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு திட்டம் வரும்போது முதலில் நடப்பது மண் அடிப்பது. சாலை மட்டத்துக்கு மேல் மூன்று நான்கு அடி உயர்த்திச் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டால் அந்த வளாகம் தப்பித்துக்கொள்ளும். அங்கே நின்றிருக்க வேண்டிய நீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். அந்தத் தெரு மறு ஆண்டு மண் அடிக்கும். வசதியற்றதால் மண் அடிக்க முடியாத இடத்தில்தான் கடைசியாக நீர் தேங்கும். 2015 டிசம்பரில் செம்மஞ்சேரியில் இடுப்பளவு நீரில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள்; சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய 6,764 வீடுகளைக் கொண்ட குடியிருப்பும் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் இதே வட்டாரம் நாள்கணக்கில் நீரில் நின்றது.

திருவான்மியூரிலிருந்து தெற்கே கடற்கரை மணல் நெடுக நிலத்தடி நீரைச் செறிவூட்டும் பகுதி என்று முழுமைத் திட்டமே அடையாளம் கண்டு, அங்கே அடர்த்தியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அது மிகச் சரியான முடிவு. அந்த மணலில் இறங்கும் மழைதான் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கிறது. ஆகவே கடற்பக்கம் அடர்த்தி கூடாது, கழுவெளிப் பக்கம் கட்டவே கூடாது. மிஞ்சுவது பழைய மாமல்லபுரம் சாலையின் இருமருங்கும் உள்ள மேட்டுப் பட்டை மட்டுமே. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மெட்ரோ வருவதும் அதே தடத்தில்தான். அந்தப் பட்டையில் உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் நிலையத்தை ஒட்டிய மேட்டு நிலம்தான் விலை மிகுந்தது. அங்கே ஒரு பங்கையாவது எளியவர்களுக்கு ஒதுக்காவிட்டால், அவர்களுக்கு மறுபடியும் பள்ளமே வாய்க்கும்.

பெரும்பாக்கம் ஆசிரியை எழுதியது:

பள்ளத்தில் கட்டியதைப் பற்றிப் பொறியாளர் எழுதியதோடு, தொலைவில் கட்டியதைப் பற்றியும் நான் எழுத விரும்புகிறேன். மறுகுடியமர்வுப் பகுதியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன்.

கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்டவை. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறுவதற்கு முன்பே இந்த அடுக்குகள் எழுந்துவிட்டன. எண்ணிக்கையைப் பார்த்தால் இந்தியாவிலேயே இத்தனை பெரிய மறுகுடியமர்வுகள் சிலவே இருக்கும். கண்ணகி நகரின் முதல் வீடுகள் இருநூறு சதுர அடியையும் எட்டாதவை. பெரும்பாக்கத்தில் வீடு அதைவிடப் பெரியது, மாடி எட்டு. மின்தூக்கி நின்றுவிட்டால் குடத்தோடு மேல்தளம் வரை ஏற வேண்டியவர்கள் பெண்களே.

வீடு கிடைத்தது, வேலை கூடவே வரவில்லை. மயிலாப்பூரிலோ சேத்துப்பட்டிலோ நான்கு வீடுகளில் வேலை பார்த்துவந்த தாய், இங்கே வந்தபின் ஒரு வேளை வேலையை விட்டுவிட வேண்டியிருந்தது. போகவர ஆகும் நேரத்தில் இன்னொரு வீட்டு வேலையை முடித்திருக்கலாம். மீன் விற்றவர், தள்ளுவண்டி வைத்தவர், சுமை தூக்கியவர் எவருக்கும் தொழில் என்பது குறிப்பிட்ட ஒரு தெருவோடும் தெரிந்த முகங்களோடும் பிணைந்தது. கல்வியாண்டின் நடுவில் வீட்டை இடித்துக் கொண்டுவந்ததால் பரீட்சை எழுதாமல் நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களில் இருவரை மறுபடி பள்ளிக்குக் கொண்டுவர எங்களால் இன்றுவரை இயலவில்லை.

இவற்றின் விளைவாகச் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டோ குறைந்த வாடகைக்கு விட்டுவிட்டோ பழைய பகுதிக்கே திரும்பி, அங்கே ஒற்றை அறைக்கு அதைவிடக் கூடுதல் வாடகை கொடுத்து இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் இதை நன்றியின்மை என்று பேசுகிறார்கள். வருமானம் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. கழுவெளியான் ஐயா சொன்ன மதிப்பீட்டில் இந்தக் குடும்பங்களின் தேவை தீர்ந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கும். தீரவில்லை என்பதை நான் தினமும் வருகைப் பதிவேட்டில் பார்க்கிறேன்.

நாவலூர் சங்கச் செயலர் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியது மனத்தைத் தைக்கிறது. எங்கள் வளாகத்தில் வேலை பார்க்கும் பெண்களில் பலர் பெரும்பாக்கத்திலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் வருபவர்களே. அப்படியானால் இங்கே உருவாகும் வேலைகள் அவர்களைத் தாங்கத் தொடங்கியிருக்கின்றன என்று கொள்ளலாமா?

பெரும்பாக்கம் ஆசிரியை எழுதியது:

ஓரளவுக்குக் கொள்ளலாம். வீட்டு வேலை, காவல் பணி, துப்புரவு ஆகியவை கிடைக்கின்றன. அதே சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்கு எங்கள் பிள்ளைகள் நேர்முகத் தேர்வு வரை போகிறார்கள். முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதாக வந்து சொல்கிறார்கள். ஒரே வகை வருமானம் உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஓரிடத்தில் குவித்ததன் விலை இதுவும்தான். சிறு சிறு குடியிருப்புகளாக, நகரின் பல இடங்களில் கட்டியிருந்தால் முகவரி ஒரு முத்திரையாக ஆகியிருக்காது.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

இதுவரை எவரும் குறிப்பிடாத ஒரு கூட்டம் இருக்கிறது. இந்த வீடுகளையெல்லாம் கட்டுபவர்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். வேலை முடிந்ததும் கொட்டகையோடு அடுத்த இடத்துக்கு நகர்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த வீடு வேண்டியதில்லை. மாதக் கணக்கில் கட்டணம் கட்டித் தங்கத்தக்க படுக்கை, கழிப்பறை, சமையலறை வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு அப்படி ஒன்று இயலும்போது, பல ஆண்டுகளாகக் கட்டுமானம் ஓயாத இந்தச் சாலைக்கும் இயலும்.

கழுவெளியான் எழுதியது:

செயலர் அவர்களின் மறுப்பு நியாயமானது. அடுக்ககத் தேவை பொய்யென்று நான் கருதவில்லை. அது மட்டுமே தேவையாக எண்ணப்படுவதையே மறுக்கிறேன். 2012-இல் நடுவண் அரசின் தொழில்நுட்பக் குழு இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ 1.88 கோடி என்றும், அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நலிவுற்ற, குறைந்த வருமானப் பிரிவினருடையது என்றும் மதிப்பிட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பிலோ நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் 1.1 கோடி. வீடில்லாதவர்களும் ஆளில்லாத வீடுகளும் ஒரே நகரத்தில் இருக்கிறார்கள் என்றால், கட்டுவதை விரைவுபடுத்துவதால் மட்டும் இரண்டும் சந்தித்துவிடாது. இந்த இழையில் பேசப்பட்டவர்களில் மீனவர் குடும்பம், மயிலாப்பூருக்குப் பேருந்து ஏறும் தாய், கொட்டகைத் தொழிலாளி ஆகிய எவரும் அறுபது லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கப் போவதில்லை. நால்வரில் மூவருக்கு வேண்டியது வாங்கும் வீடே அன்று.

சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. தெற்கே இன்னும் எவ்வளவோ கடற்கரை இதற்குள் வந்துவிட்டது. கோவளத்துக்கு வடக்கே நடந்தது தெற்கேயும் நடக்காமலிருக்க, மூன்றாம் முழுமைத் திட்டத்திடம் நாம் எழுத்தில் கேட்க வேண்டியது இது: வீட்டுத் தேவை அட்டவணையை வருமானப் பிரிவு வாரியாகவும், சொந்தம், வாடகை, விடுதி என்று பிரித்தும், வேலையிடத்திலிருந்து பயண நேரத்தோடும் வெளியிட வேண்டும். மண் அடிக்காமல் கட்டத்தக்க நிலம் எவ்வளவு என்பதைத் தனியே கணக்கிட்டு, அந்த அளவுக்குள்தான் அனுமதிகள் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் அரசுக்குச் சொந்தமானதை விற்காமல் வாடகை வீடுகளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் கடைசியே கடினமானது. நிலம் விற்றால் வரும் தொகை உடனே கண்ணுக்குத் தெரியும்; வாடகை வீட்டின் பயன் பத்தாண்டு கழித்தே தெரியும்.

குப்பத்துக்காரன் எழுதியது:

நீங்கள் அனுப்பப்போகும் மனுவில் எங்களுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோர மண்டல விதியின் 2011 அறிவிக்கையிலும் 2019 அறிவிக்கையிலும், கடலோர மேலாண்மைத் திட்டத்தில் மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவை இடம்பெற வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. புதிதாகச் சட்டம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தேவையை வரைபடத்தில் குறிக்க ஊர் எல்லை எதுவென்று தெரிய வேண்டும். வீடு நிற்கும் இடத்தை மட்டும் ஊர் என்று வரைந்துவிட்டு, படகு ஏற்றும் கரை, வலை காயும் மணல், ஏலம் போடும் இடம், சுடுகாடு ஆகியவற்றை வெறும் நிலமாக விட்டுவிடுகிறார்கள். வெறும் நிலமாக விட்டது பிறகு யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிட்டோம்.

எங்கள் ஊரில் நாங்களே இந்த இடங்களைக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் குறித்து, புல எண்ணோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம். தகப்பன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் மகன்களின் குடும்பங்களையும் தெருத் தெருவாகப் பட்டியல் எடுத்து, ஊர்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியாயிற்று. அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் இதேபோல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டக் கடலோர மேலாண்மைக் குழுவுக்கு ஒரு படியும், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு படியும் தருவதாக முடிவு. பொறியாளர் ஐயா, கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லைக் கோடான கடல் ஏற்ற வரையிலிருந்து தொலைவை அளந்து எழுதுவதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதைச் சரிபார்த்துத் தந்தால் ஊரே உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கும்.

கட்டடப் பொறியாளர் எழுதியது:

வருகிறேன், தம்பி. அளவுக் கருவியும் கொண்டு வருகிறேன். கடல் ஏற்ற வரையை நாமாக முடிவு செய்யக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட கடலோர மண்டல வரைபடத்தில் உள்ள கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும், இல்லையேல் மனுவைத் தொழில்நுட்பக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். உங்கள் ஊரைக் காட்டும் வரைபடத் தாளையும் கிராம நில அளவைப் படத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.